எனக்கு இருந்த இரண்டு பிறந்த தேதிகள்

விமானிகள் அறைச் சுவரில் மறுபடியும் ஆட்குறைப்புப் பட்டியல் ஒட்டப்போகிறார்கள் என்று உங்களில் இரண்டு பேர் வீடு தேடி வந்து சொன்னீர்கள். பயணிகள் குறைந்துவிட்டார்கள், எண்ணெய் விலை ஏறிவிட்டது, ஒரு விமானத்தை விற்கப்போகிறார்கள், இனி இந்தத் தொழிலை நம்பி இருக்கலாமா என்று கேட்டீர்கள். கொடுத்த தேத்தண்ணீரைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதே முகத்தோடு நானும் இரண்டு முறை அந்தச் சுவருக்கு முன்னால் நின்றிருக்கிறேன்.

போகும்போது ஒருவர், "சார், நீங்க அந்தக் காலத்துல ஒரு நண்பருக்காக இடத்தையே விட்டுக் குடுத்தீங்களாமே" என்றார். அந்தக் கதை என் காதுக்கும் பலமுறை வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் நான் அடக்கமாகத் தலையைக் குனிந்திருக்கிறேன். ஆனால் அது உண்மையில்லை. எது உண்மை என்று எழுதி வைத்துவிடுகிறேன். உங்கள் கேள்விக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கும்.

எழுபதுகளின் நடுவில் எங்களுடையது மிகச் சின்ன நிறுவனம். மூன்று விமானம், எட்டு விமானி. கொழும்பு இரத்மலானையிலிருந்து மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணம் என்று ஓட்டினோம். எட்டுப் பேரில் இரண்டு பேர் ஊவா மலைநாட்டுக்காரர்கள். ஒருவன் நான், மடுல்சீமைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகன். மற்றவன் நிஸாம், பண்டாரவளையில் புடைவைக்கடை வைத்திருந்தவரின் மகன். மூடுபனி என்றால் எங்கள் இருவரையும் கேட்டுத்தான் மற்றவர்கள் முடிவெடுப்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளோடு ஓடித்திரிந்த நான், அந்த மலைகளுக்கு மேலாக நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போனேன்.

எண்ணெய் விலை எகிறியது. நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை, உதிரிப்பாகம் வாங்க வழியில்லை. இரண்டு விமானத்தை நிறுத்தி, எட்டுப் பேரில் நான்கு பேரை அனுப்புவது என்று முடிவாயிற்று. எங்கள் தொழிலில் திறமைக்கு முன்னால் வரிசை எண் நிற்கும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் சேர்ந்தவன் மேலே, பிறகு சேர்ந்தவன் கீழே. வெட்டு கீழேயிருந்து வரும். ஒரே நாளில் சேர்ந்தவர்களென்றால் வயதில் மூத்தவன் மேலே. நிஸாமும் நானும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். பட்டியலில் நான்காவது பெயர் நிஸாம், ஐந்தாவது நான். அவன் என்னைவிட எட்டு மாதம் மூத்தவன் என்று காகிதம் சொன்னது.

காகிதம் சொன்னது பொய். உண்மையில் நான்தான் அவனைவிட நான்கு மாதம் மூத்தவன். என்னைப் பதுளையில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, அந்த வகுப்புக்கு வயது கூடிவிட்டது என்றார்களாம். அப்பா திரும்பி நடந்து, பையனின் பிறப்புப் பதிவைக் காணவில்லை என்று சொல்லி, உத்தேச வயதுப் பத்திரம் ஒன்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதில் எனக்கு ஒரு வயது குறைவு. தோட்டத்தில் இது பெரிய குற்றமாக யாருக்கும் தெரியாது. அங்கே வயதைக் கவ்வாத்துக் கணக்கில்தான் சொல்வார்கள். "நம்ம ஒம்பதாம் நம்பர் மல கவ்வாத்து வெட்டுன வருசம் பொறந்தவன்" என்றால் ஊருக்கே புரியும். தேயிலைச் செடியைத் தரையோடு வெட்டிய வருஷத்தை மறப்பவன் அங்கே கிடையாது. தேதியை நினைவில் வைத்திருப்பவனும் கிடையாது.

மூன்று நாள் லீவு எடுத்துக்கொண்டு பதுளைக்கு ரயில் ஏறினேன். உண்மையான பிறப்புச் சான்றிதழை எடுத்துவந்து, தலைமை விமானியின் மேசையில் வைத்து, நிஸாமின் இடத்தை வாங்கிவிடுவது என்பதுதான் என் திட்டம். அவனுடைய மனைவி பிள்ளைத்தாய்ச்சி என்று எனக்குத் தெரியும். தெரிந்தே போனேன். இதை மறைத்தால் மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை.

அப்பா முதலில் சம்மதிக்கவில்லை.

"கெடக்குறத ஏய்யா கெளர்ற? அத வச்சுத்தானே இம்புட்டுத் தூரம் வந்த?"

"வேலை போகுதுப்பா. நான் மூத்தவன்னு காட்டுனா போகாது."

கச்சேரியில், அதாவது பதுளை அரசாங்க அலுவலகத்தில், பதிவேடுகளைப் பார்க்கும் கிளாக்கர் ஒருவர் இருந்தார். வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு படிப்பவர். கவ்வாத்து வருஷத்தை அப்பா சொல்ல, மாதத்தை அம்மா சொன்னதாக நான் சொல்ல, அரை நாளில் தேடி எடுத்துவிட்டார். சான்றிதழை எழுதி முத்திரை குத்தி என்னிடம் நீட்டினார். நான் ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் வைத்திருந்த பழைய பத்திரம் அவர் கண்ணில் பட்டது.

"தம்பி, இது ரெண்டும் ஒங்களோடதா?"

"ஆமாங்க."

"ஒண்ணு மெய்யினா மத்தது பொய்யில்லங்களா? அந்தப் பொய்ய வச்சு என்னென்ன வாங்கியிருக்கீங்க?"

மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். பள்ளிக்கூடம், விமானி அனுமதிப்பத்திரம், கடவுச்சீட்டு. அதோடு நிற்கவில்லை. அப்பா குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தில் என் வயது அந்தப் பொய்த் தேதியில்தான் இருந்தது. எனக்குக் கிடைத்துவிட்டது. தங்கையின் காகிதம் இன்னும் வரவில்லை. யார் இந்தியாவுக்கு, யார் இங்கே என்று எங்கள் ஆட்களைப் பட்டியல் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு எழுத்து முரண்பட்டால் கப்பல்தான். அப்பா பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சான்றிதழைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கொழும்புக்குத் திரும்பினேன். தலைமை விமானி எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். நாங்கள் பெரியவர் என்று கூப்பிட்ட அவரைப் பற்றி ஒரு வார்த்தை. குரலை உயர்த்தியே பேசாத மனுஷன். வானிலை மோசமாக இருக்கும்போது நாம் என்ன செய்யப்போகிறோம் என்று கேட்பாரே தவிர, இதைச் செய் என்று சொல்ல மாட்டார். அன்றும் அப்படித்தான் கேட்டார்.

"நீங்கள் இருவரும் ஒரே நாளில் வந்தவர்கள். ஓட்டிய மணித்தியாலம் பார்த்தால் நீதான் கூட. பட்டியலைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று என்னைப் பார்த்தார்.

நிஸாம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மணித்தியாலம் வரிசையை மாற்றாது; மாற்றக்கூடியது என் நெஞ்சுக்கு நேரே இருந்த அந்தக் காகிதம் ஒன்றுதான். கையை வைத்தால் எடுத்துவிடலாம். எடுத்தால் என் இடம் கிடைக்கலாம். கூடவே தங்கையும் அப்பாவும் அம்மாவும் இந்தியக் கப்பலுக்காகத் தலைமன்னாரில் வரிசையில் நிற்கலாம்.

"ஒன்றும் இல்லை சார்" என்றேன்.

வெளியே வந்ததும் நிஸாம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "நீ வாய் தொறந்திருந்தா ஒனக்குத்தான் குடுத்திருப்பாங்க மச்சான். என்ட புள்ளைக்காகத்தான் நீ பேசாம நின்ட. எனக்குத் தெரியும்டா" என்று அழுதான். நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். அந்த விநாடியை நான் விட்டுவிட்டேன். மறுநாள் கதை அறை முழுதும் பரவிவிட்டது.

வேலை போய் ஊர் திரும்பிய நான், பதுளை ஸ்டேஷனில் சீருடையோடு இறங்கினேன். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "லீவுல வந்திருக்கீங்களா தம்பி?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "ஆமா, லீவுதான்" என்றேன். லீவு ஒரு மாதமாயிற்று, இரண்டு மாதமாயிற்று. மூன்றாம் மாதம் கடைவீதியில் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தபோது, சலூன்காரர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஒங்க கம்பெனியில எனக்கும் ஒரு வேலை வாங்கிக் குடுங்க. இம்புட்டு லீவு எந்தக் கவர்மெண்டும் குடுக்காது."

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வேலை போய்விட்டது என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். ஒரு வாரத்துக்குள் அதே சலூன்காரர் ஒரு லொறி முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போனார். மடுல்சீமைத் தொழிற்சாலையிலிருந்து பதுளை ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றும் வேலை. பொய் சொன்ன மூன்று மாதமும் எனக்கு உதவ நினைத்தவர்களுக்கும் வழி தெரியவில்லை. ஆகவே வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்கள் முதல் வேலையாக அந்தத் தொப்பியைக் கழற்றி வையுங்கள்.

லொறி ஓட்டியதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. விமானத்தில் செய்வதைப் போலவே, சாவியைத் திருப்புவதற்கு முன்னால் ஒவ்வொன்றாக உரக்கக் கேட்பேன். கிளீனர் பதில் சொல்ல வேண்டும். "பிரேக்?" "புடிக்குதுங்க." "தண்ணி?" "ஊத்தியாச்சுங்க." "டயர்?" "நாலும் இருக்குங்க." தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு நாள் கிளீனர், "எல்லாம் கேட்டீங்க, டிரைவருக்குச் சொகமானு கேக்கலீங்களே" என்றார். அதையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். பிறகு விமானத்தில் ஏறியபோதும் அந்தக் கேள்வியை நான் விடவில்லை.

ஒரு முறை நல்ல மழை. பெட்டிகளை அன்றைய ரயிலில் ஏற்றியாக வேண்டும் என்று தொழிற்சாலையில் அவசரப்படுத்தினார்கள். பாதி வழியில் ஒரு வளைவில் மேட்டிலிருந்து செம்மண் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கி நடந்து பார்த்தேன். திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் அந்த வளைவு சௌக்கியமாக இருந்தது. மண் சரியவே இல்லை. முதலாளி நன்றாகத் திட்டினார், தோட்டமே கேலி செய்தது. இருந்தாலும் நான் திரும்பியது சரிதான். வேலைக்குப் பயந்து ஓட்டுகிற காலத்தில் இதை மறந்துவிடாதீர்கள். நாற்காலி போய்விடுமே என்று மேகத்துக்குள் மூக்கை நுழைக்கிறவனுக்கு நாற்காலி மட்டும் போவதில்லை.

விமானி அனுமதிப்பத்திரம் சும்மா வைத்திருந்தால் செத்துப்போகும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது பறந்து காட்டினால்தான் அதற்கு உயிர். வேலை போன நான்கு பேரில் மற்ற மூவருக்கும் அது முதல் வருஷத்திலேயே செத்துவிட்டது. எனக்கு மட்டும் சாகவில்லை. காரணம் நிஸாம். பழுது பார்த்த விமானத்தைச் சோதித்துப் பார்க்கப் பயணிகளில்லாமல் ஓட்டும்போது, தலைமை விமானியிடம் கெஞ்சி அனுமதி வாங்கி எனக்கு ஆள் அனுப்புவான். நான் லொறியை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு ரயிலேறுவேன். அவன் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டு என்னை ஓட்டச் சொல்வான்.

"இது ஒன்ட சீட்டு மச்சான். நான் சும்மா காவலுக்கு இருக்கேன்" என்பான்.

அந்த வார்த்தை ஒவ்வொரு தரமும் என்னைச் சுட்டது. சுட்டாலும் ஓட்டினேன். செய்யாத உபகாரத்துக்குக் கூலி வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்துதான் ஓட்டினேன். இரண்டு வருஷம் கழித்து நிறுவனம் மூச்சுவிட்டு எழுந்து ஆள் தேடியபோது, அனுமதிப்பத்திரம் உயிரோடு இருந்த பழைய ஆள் நான் ஒருவன்தான். அழைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பத்து வருஷம் ஓட்டினேன். ஒரு பயணிக்கும் ஒரு கீறல் பட்டதில்லை. எங்கே வேண்டுமானாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

எண்பதுகளின் நடுவில் வடக்கும் கிழக்கும் கொந்தளித்து, எங்கள் பயணங்கள் ஒவ்வொன்றாக நின்றன. மறுபடியும் சுவர், மறுபடியும் பட்டியல். இந்த முறை ஒரே ஒருவரைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. கடைசியாகச் சேர்ந்தவன், சேர்ந்து எட்டே மாதமான ஓர் இளைஞன். கையில் மணித்தியாலம் குறைவு. அவனைக் கூட்டிக்கொண்டு பறந்து அனுமதிப்பத்திரத்தைக் காப்பாற்ற ஒரு நிஸாம் கிடையாது. அப்படிப்பட்டவன் வெளியே போனால் போனதுதான். அவன் பட்டியலைப் படித்துவிட்டு, சுவரிலிருந்த வரைபடத்தில் திருகோணமலைத் துறைமுகத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றான்.

எங்கள் நிறுவனத்தில் ஐம்பது வயதோடு விமானியை இறக்கிவிடுவார்கள். காகிதப்படி எனக்கு நாற்பத்தொன்பது, இன்னும் ஏறக்குறைய ஒரு வருஷம் பாக்கி. உண்மையில் ஐம்பது முடிந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. நான் போனால் அவன் நிற்பான். அப்பா காலமாகிவிட்டார். தங்கைக்குக் காகிதம் கிடைத்து, பதுளையில் ஆசிரியையாக இருந்தாள். அவளிடம் போய்க் கேட்டேன். "எங்களுக்கெல்லாம் வந்தாச்சுண்ணே. ஒங்களுக்குத்தான் இப்ப ஆபத்து. வெசாரிச்சா மரியாத போயிடுமே?" என்றாள். அது உண்மைதான். பொய்த் தேதியில் அனுமதிப்பத்திரம் வைத்திருந்தவன் என்று சொல்லி என்னை விரட்டவும் அவர்களுக்கு உரிமை இருந்தது. இத்தனை வருஷம் ஓட்டியதெல்லாம் ஒரு கறுப்பு மைக்கோட்டில் அடிபட்டுப் போய்விடும். இரண்டு நாள் யோசித்தேன்.

அப்போது நிஸாம்தான் தலைமை விமானி. அவன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"நிஸாம், எனக்கு அம்பது முடிஞ்சு ஆறு வாரம் ஆச்சு."

"என்ன பேசுற நீ? ஒனக்கு இன்னம் ஒரு வருசம் இருக்கு."

சான்றிதழை மேசையில் விரித்து வைத்தேன். என் பெயரைப் படித்தான், அப்பா பெயரைப் படித்தான், தேதியைப் படித்தான். பிறகு அடியில் கிளாக்கர் குத்திய முத்திரைத் தேதியில் அவன் கண் நின்றது. அது வழங்கப்பட்ட மாதம் அவனுக்கு மறக்காது. அடுத்த மாதம்தான் அவனுடைய மூத்த மகன் பிறந்தான்.

"இது அப்பயே ஒன்ட கையில இருந்திச்சா?"

"இருந்துச்சு. பெரியவர் பட்டியலப் பத்திக் கேட்டப்ப என் சட்டப் பையில இருந்துச்சு."

அவன் கண் நிறைந்துவிட்டது. "இத வச்சிக்கிட்டா நீ பேசாம நின்ட? எனக்காக?"

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், முன்னிலும் பெரிய மகானாகியிருப்பேன். அந்த ஆசை வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.

"ஒனக்காக இல்ல நிஸாம். ஒன் எடத்தப் புடுங்கத்தான் அத எடுக்கவே போனேன். ரெண்டு காகிதமும் வெளிய வந்தா வீட்டுல எல்லாரையும் கப்பல் ஏத்திடுவாங்கனு பயந்துட்டேன். அதான் பேசல. ஒன் புள்ளய நான் நெனக்கவே இல்ல."

அவன் முத்திரைத் தேதியை மறுபடியும் படித்தான்.

"பன்னெண்டு வருசமா ஒனக்காக துஆ கேட்டிருக்கேன்டா" என்றான்.

"தெரியும். அதுலதான் நான் திரும்பி வந்தேன்."

திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் சான்றிதழை மெதுவாக மடித்தான். "இப்ப பயமில்லியா?"

"இப்பவும் பயம்தான். பயந்துகிட்டேதான் குடுக்குறேன்."

பேனாவை எடுத்துப் பட்டியலில் கடைசிப் பெயருக்குப் பக்கத்திலிருந்த அடையாளத்தை அடித்தான். "பொடியன்கிட்ட நான் சொல்லட்டா? அவனுக்குத் தெரிய வாணாமா?"

"வேணாம். நன்றியெல்லாம் நான் முன்கூட்டியே வாங்கிட்டேன்."

விசாரணை நடந்தது. விளக்கக் கடிதம் எழுதினேன். ஓர் அப்பா தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பட்ட பாட்டை எழுதினேன். எச்சரித்து, வயது முடிந்தவனென்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அறிவித்தல் பலகையில் 'வயது விபரத் திருத்தம் காரணமாக' என்று போட்டார்கள். அதைப் படித்தவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்டீர்கள். பட்டியல் வரும், போகும். பட்டியலில் உங்கள் எண் எது என்பது உங்கள் கையில் இல்லை. அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கும்போது நீங்கள் யார் என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. முதல் தடவை எனக்கு அது கைகூடவில்லை. இரண்டாம் தடவை கைகூடியது.

கடைசி நாளில் ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். அந்த இளைஞனும் எழுந்து பேசினான். அவன் பெயரை நான் சொல்லப்போவதில்லை. "சார் எங்களுக்கு மேகத்துக்குள்ள வழி காட்டினவர். ஆனா சொந்த வயசுல ஒரு வருசத்த ஒளிச்சு வச்சு, கடைசியில வசமா மாட்டிக்கிட்டார்" என்றான். அறையே வெடித்துச் சிரித்தது. நிஸாம் மட்டும் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தேன். பக்கத்தில் போய் அந்த இளைஞனின் கையைக் குலுக்கினேன்.

"நாளைக்குக் காலையில திருகோணமலைக்கு யாரு?" என்று கேட்டேன்.

"நான்தான் சார்" என்றான்.